சின்னத் திருட்டும் பெரிய செலவும்: ஐயாயிரம் ரூபாய்க்குள் திருடு போனால் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா கோர்ட்டில் வக்கீலாக இருப்பவனைக் கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தால்கூட மக்கள் ஏதாவது ஒரு சட்டக் கேள்வி கேட்பார்கள். கடந்த இரண்டு வருடமாக என்னிடம் அதிகம் வந்தவை சின்னத் திருட்டுக் கேள்விகள்தான். சைக்கிள், செல்போன், தேங்காய், மோட்டார் ஒயர், ஆட்டுக்குட்டி. 2024 ஜூலை 1 முதல் சட்டமும் மாறிவிட்டதால் பழைய பதில்கள் பாதி பயன்படாது. அதனால் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டு வாசலில் நின்ற பழைய சைக்கிள் போய்விட்டது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் போடாமல் சி.எஸ்.ஆர் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இந்த இடத்தில் ஏட்டய்யாவைத் திட்டுவதற்கு முன்னால் சைக்கிளின் விலையைப் பார்க்க வேண்டும். திருட்டுக்கு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303(2). முதல் முறை என்றால் அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. ஆனால் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், அது போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றமே இல்லை. ஸ்டேஷனில் இதை 'நான்காக்னிசபிள்' என்பார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் புலன் விசாரணை செய்ய முடியாது, பிடியாணை இல்லாமல் கைதும் செய்ய முடியாது. புகாரின் சாரத்தை அதற்கான புத்தகத்தில் எழுதிக்கொண்டு, "மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்" என்று உங்களை அனுப்ப வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அப்படி எழுதியவற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்ப வேண்டும்.

சி.எஸ்.ஆர் என்பது நம் மாநிலத்து வழக்கம். 'கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் புகாரை ஏற்றி, எண் போட்ட ரசீது தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். அதை வைத்து வழக்கு நடக்காது. உங்கள் சைக்கிள் இரண்டாயிரம் ரூபாய் பெறுமானம் என்றால் சீட்டு கொடுத்ததில் தப்பில்லை. மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு. பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

முன்பு இந்த 5,000 ரூபாய்க் கணக்கு கிடையாதா?

கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவுக்கு விலை தெரியாது. ஐம்பது ரூபாய் பொருளானாலும் ஐம்பதாயிரம் ரூபாய் பொருளானாலும் ஒரே பிரிவு, மூன்று வருடம்வரை சிறை, போலீஸ் நேரடியாகக் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. 1862இல் அமலுக்கு வந்த சட்டம் 2024 ஜூன் 30 நள்ளிரவு வரை அப்படித்தான் இருந்தது. அந்தத் தேதிக்கு முன் நடந்த திருட்டுக்கு இன்றும் பழைய சட்டமே பொருந்தும்.

காகிதத்தில் அவ்வளவு கண்டிப்பு. நடைமுறையில், சின்னத் திருட்டில் எஃப்.ஐ.ஆர் வாங்குவது குதிரைக்கொம்பு. புதுச் சட்டம் செய்தது என்னவென்றால், ஸ்டேஷன்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததில் ஒரு பகுதியை முறைப்படி ஆக்கியதுதான்.

அப்படியானால் 5,000க்குக் கீழே எது போனாலும் போலீஸ் கை கழுவிவிடலாமா?

இல்லை. பலரும் கோட்டை விடும் இடம் இது. அந்த விலக்கு 303(2)க்கு மட்டும். பக்கத்திலேயே வேறு பிரிவுகள் இருக்கின்றன, அவற்றுக்கு விலைக் கணக்கு கிடையாது.

வீட்டுக்குள்ளிருந்தோ, பொருள் வைத்திருக்கும் கட்டடத்திலிருந்தோ திருடினால் பிரிவு 305. ஏழு வருடம்வரை. கடையும் இதில் அடங்கும் என்றுதான் வழக்கமாகப் பார்க்கிறார்கள். பயணிகளோ சரக்கோ போகும் வண்டியிலிருந்து பொருளை எடுத்தாலும், கோயில் சிலையைத் திருடினாலும், அரசுச் சொத்தைத் திருடினாலும் அதே 305. வேலைக்காரர் முதலாளியிடம் திருடினால் 306, அதுவும் ஏழு வருடம். கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினால் 304, வழிப்பறித் திருட்டு. இவை எல்லாவற்றிலும் போலீஸ் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் 180 ரூபாய் ஷாம்புவைப் புடவைக்குள் ஒளித்த அம்மாவும், எஜமானி வீட்டு மேசையிலிருந்து 500 ரூபாய் எடுத்த வேலைக்காரப் பெண்ணும் ஏழு வருடப் பிரிவில் நிற்கிறார்கள். தெருவில் நிறுத்திய 4,800 ரூபாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவனுக்கு, முதல் முறை என்றால், சிறைக்குப் பதில் 'சமூக சேவை' என்ற சம்பளமில்லாத பொது வேலை. சின்னத் திருட்டு என்று நாம் மனதில் வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி கடையிலும் வீட்டிலும் பஸ்ஸிலும் நடப்பவை. சலுகை அவர்களைத் தொடவே இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொன்று. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அதில் ஒன்றாவது போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடியதாக இருந்தால், முழு வழக்கையும் அப்படியே எடுக்கலாம். வேலி தாண்டித் தோப்புக்குள் நுழைந்து பத்துத் தேங்காய் பறித்தால், தேங்காய்க்கு அல்ல, வேலிக்கு வழக்கு வரும். அத்துமீறி நுழைதல் அந்த வகைக் குற்றம்.

பொருளின் மதிப்பை யார் முடிவு செய்வது?

முதலில் எழுதுபவர் நீங்கள். அப்புறம் ஸ்டேஷன் ரைட்டர்.

எது மதிப்பு, வாங்கிய விலையா இன்றைய விலையா என்று அந்தப் பிரிவில் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் 14,000க்கு வாங்கிய போன் இன்று செகண்ட் ஹேண்டில் 4,500க்கும் போகும், 6,000க்கும் போகும். "என்ன சார், கீறல் விழுந்த போன்தானே, நாலாயிரம்னு போட்டுக்கலாம்" என்று ஒரு வரி. அந்த வரியோடு விசாரணை, கைது, ஜாமீன் எல்லாமே மாறிவிடும். பழைய சட்டத்தில் "போடலாமா வேண்டாமா" என்பதில் இருந்த போலீஸின் சொந்த முடிவு, இப்போது "எவ்வளவு" என்ற கட்டத்துக்குக் குடி பெயர்ந்துவிட்டது. "எந்தப் பிரிவு" என்ற கட்டமும் அப்படித்தான். வாசல் திண்ணை வீட்டுக்குள் சேருமா தெருவில் சேருமா? 305 என்றால் எஃப்.ஐ.ஆர், 303(2) என்றால் சீட்டு.

அதனால் புகாரை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். பில் இருந்தால் நகல் இணையுங்கள். வாங்கிய வருடம், விலை, இன்று அதே பொருள் வாங்க எவ்வளவு ஆகும், எந்த இடத்திலிருந்து போனது என்று நான்கையும் எழுதுங்கள். கூட்டி எழுத வேண்டாம். பின்னால் குறுக்கு விசாரணையில் அசிங்கமாகிவிடும்.

சின்ன விஷயம் என்று விட்டுவிட போலீஸுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா?

அவர்கள் நேரடியாக எடுக்க வேண்டிய குற்றமாக இருந்தால், இல்லை. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் கட்டாயம். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு போன்ற சிலவற்றில் மட்டும் முன்விசாரணை செய்யலாம். சாதாரணத் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை.

புதிய சட்டம் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் முன்விசாரணை செய்து, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 5,000க்கு மேற்பட்ட சாதாரணத் திருட்டு இதற்குள் வரும். 305 வராது, ஏனென்றால் அது ஏழு வருடத்தைத் தொடுகிறது.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே ஒருவர்மேல் வழக்குத் தொடர இரண்டு கேள்விகள்: ஆதாரம் போதுமா, வழக்கு நடத்துவது பொது நலனுக்கு உகந்ததா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் எச்சரித்து அனுப்பலாம், அதற்கும் ஒரு பதிவு உண்டு. நம் எஸ்.ஐ.யிடம் இரண்டாவது கேள்வியைச் சட்டம் கேட்பதே இல்லை. அவர் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார், பதிலையும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்.

ஒரு சுவையான பழைய விஷயம். மெக்காலே தலைமையில் 1837இல் தண்டனைச் சட்ட வரைவு எழுதியவர்களுக்கே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. அடுத்தவர் மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தால் அதுவும் திருட்டுதான், ஆனால் அதற்காக ஒருவரைக் கூண்டில் ஏற்ற முடியுமா என்ற பாணியில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அதற்காகவே, சாதாரண புத்தியுள்ள எவரும் குறை சொல்லாத அளவுக்குச் சிறிய தீங்கு குற்றமாகாது என்று ஒரு பிரிவு வைத்தார்கள். பழைய சட்டத்தில் 95, இப்போது 33. நான் கோர்ட்டில் அதை எடுத்து வாதாடிப் பார்த்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் சிரித்தார், அப்புறம் வாய்தா போட்டார்.

எண்ணூறு ரூபாய்த் திருட்டுக்கு வழக்கு நடத்த அப்படி என்ன செலவாகிவிடும்?

ரூபாயில் சொல்வதைவிட ஆட்களாகவும் நாட்களாகவும் சொல்கிறேன்.

வீட்டுக்குள்ளிருந்து எடுத்த ஒருவனை 305இல் பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எஃப்.ஐ.ஆர் எழுத வேண்டும். பொருளைக் கைப்பற்றியதற்கு மகஜர், அதில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகள். கைது என்றால் அரசு மருத்துவமனையில் உடல் பரிசோதனை, அங்கே வரிசை. பிறகு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வீட்டுக்கு. ரிமாண்ட் ஆனால் கிளைச் சிறைக்கு வழிக்காவல் இரண்டு போலீஸ். அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் பந்தோபஸ்து பார்க்க ஆள் இல்லை. குற்றப்பத்திரிகை, சம்மன், சம்மன் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வாரன்ட், வாரன்ட்டோடு ஊர் ஊராக அலைய ஒரு கோர்ட் போலீஸ். அரசுத் தரப்பில் உதவி வழக்கறிஞர், அந்தப் பக்கம் ஆளுக்கு வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல். மாஜிஸ்திரேட், பெஞ்ச் கிளார்க், டவாலி.

இதெல்லாம் அரசாங்கச் செலவு. உங்கள் செலவு தனி. புகார்தாரர் சாட்சி சொல்ல வர வேண்டும். முதல் வாய்தாவில் எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) வரவில்லை, இரண்டாவதில் வக்கீல்கள் புறக்கணிப்பு, மூன்றாவதில் மாஜிஸ்திரேட் லீவு. கூலி வேலை பார்ப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். நான்காவது வாய்தாவில் அவரே வந்து, "சார், எனக்கு சைக்கிளே வேண்டாம், என்னை விட்டுடச் சொல்லுங்க" என்பார்.

இதைக் குறைக்கத்தான் சுருக்கமுறை விசாரணை இருக்கிறது. பழைய சட்டத்தில் 2,000 ரூபாய் வரைதான், அதுவும் மாஜிஸ்திரேட்டின் விருப்பம். இப்போது 20,000 ரூபாய் வரையிலான திருட்டை அப்படித்தான் விசாரிக்க வேண்டும். அதில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கொடுக்க வழியில்லாதவன் உள்ளேயே இருப்பான். முதல் முறைக் குற்றவாளி அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு நாள் சிறையில் இருந்துவிட்டால் வெளியே விட வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மூன்று வருடக் குற்றத்துக்கு அது ஒரு வருடம். விசாரித்துத் தண்டித்தால் மூன்று மாதம், விசாரிக்காமல் வைத்திருந்தால் ஒரு வருடம்! 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் எல்லாரும் திருட்டு வழக்கில் உள்ளவர்கள் இல்லை. ஆனால் கிளைச் சிறைக்கு மனு எழுதப் போகும்போது நான் பார்க்கிறவர்களில் சின்னத் திருட்டு ஆட்களுக்குக் குறைவே இருக்காது.

இவ்வளவு செலவு என்றால், கண்டித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதே நல்லதில்லையா?

பாதி நேரம் நல்லதுதான். பொருள் திரும்பி வந்துவிட்டது, பையனின் அப்பா வந்து அழுகிறார், புகார்தாரரும் "போகட்டும் சார்" என்கிறார். அங்கே எஃப்.ஐ.ஆர் போட்டுத்தான் தீருவேன் என்று ஒரு இன்ஸ்பெக்டர் நின்றால், அவரை நான் நல்ல இன்ஸ்பெக்டர் என்று சொல்ல மாட்டேன். ஒரு எஃப்.ஐ.ஆர் அந்தப் பையனின் அரசு வேலைச் சரிபார்ப்பு வரைக்கும் துரத்தும்.

மீதிப் பாதியில்தான் பிரச்சினை. யாருக்குக் கண்டிப்பு, யாருக்குக் கம்பி என்பதை யார் எப்படி முடிவு செய்கிறார்கள்? ஊர்ப் பெரிய மனிதரின் மகன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இருளரோ குறவரோ என்றால், தீராத பழைய வழக்குகளையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள் என்ற பயம் அந்த மக்களிடம் இன்றும் இருக்கிறது. அது காரணமில்லாத பயம் இல்லை. பிறப்பை வைத்தே திருடன் என்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே இருந்தது. அந்தப் பதிவை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் போய்விட்டது. ஸ்டேஷனின் ஞாபகம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில், நகைத் திருட்டு விசாரணை என்று பிடித்துச் செல்லப்பட்ட ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது போலீஸ் காவலில் இறந்தார். போலீசார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இவை சின்னத் திருட்டுகள் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்ற சொல் இரண்டு வகைக்கும் பொதுவானது. விட்டுவிடும் அதிகாரமும் அடிக்கும் அதிகாரமும் ஒரே அறையில், ஒரே காகிதமில்லாத நேரத்தில் இருக்கின்றன.

அதனால் நான் ஆட்களிடம் சொல்வது: சமரசம் செய்துகொள்ளுங்கள், ஆனால் காகிதத்தில். புகார் எண், பொருள் திரும்பி வந்த தேதி, இரண்டு தரப்புக் கையெழுத்து, அதிகாரியின் கையெழுத்து. பிடித்து வைக்கப்பட்டவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதும் அதில் இருக்கட்டும்.

சட்டப்படியே சமரசம் செய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. 303(2) திருட்டில் பொருளுக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும், கோர்ட் அனுமதிகூடத் தேவையில்லாத சமரசப் பட்டியலில் அது உள்ளது. மக்கள் நீதிமன்றத்தில் ஒரே நாளில் முடிந்துவிடும். 305 அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். 180 ரூபாய் ஷாம்புக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும்.

பொருள் திரும்பினால் போதும், ஆள் உள்ளே போக வேண்டாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. மதுரைப் பக்கம் மாடு களவு போனால், துப்புச் சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்கிற வழக்கம் இருந்தது. வெள்ளைக்காரப் போலீஸ் அதைத் திருட்டுக்குத் துணைபோவதாகப் பார்த்தது. மாட்டுக்காரருக்கோ, மாடு உயிரோடு அடுத்த உழவுக்குள் வந்து சேர்ந்தால் போதும். அவருடைய கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

'சமூக சேவை' தண்டனை என்றால் என்ன?

முதல் முறை தண்டனை பெறுகிறவர், 5,000க்குக் குறைவான பொருள், அந்தப் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாமல் பொதுவுக்குப் பயன்படும் வேலை செய்வதுதான் தண்டனை. புதிய சட்டத்தில் ஆறு குற்றங்களுக்கு மட்டும் இந்தத் தண்டனை இருக்கிறது. எத்தனை நாள், என்ன வேலை, யார் மேற்பார்வை என்று சட்டத்தில் இல்லை, அந்தந்த மாஜிஸ்திரேட் முடிவு.

சி.எஸ்.ஆரும் 'கம்யூனிட்டி சர்வீஸ்', இந்தத் தண்டனையும் 'கம்யூனிட்டி சர்வீஸ்'. சி.எஸ்.ஆர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எதுக்கு சார் சேவை செய்யணும், நான்தானே பறிகொடுத்தவன்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு எச்சரிக்கை: வேலை செய்து முடித்தாலும் அது தண்டனைதான், குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவில் இருக்கும். "ஒப்புக்கொண்டு போயிடலாம்" என்று அவசரப்படுவதற்கு முன், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கக் கேட்க முடியுமா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அதில் விடுவிக்கப்பட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. இளவயதுக்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

எங்கள் பையனுக்குப் பதினாறு வயது. செல்போன் எடுத்துவிட்டான். ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

உடனே வயதுச் சான்றோடு போங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ, மிகக் கொடிய குற்றமாக இருந்தாலோ தவிர, எஃப்.ஐ.ஆர் போடாமல் பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று வருடம்வரை தண்டனை உள்ள சிறு குற்றம் என்றால், நான்கு மாதமும் அதற்கு மேல் நீட்டிக்கும் இரண்டு மாதமும் கடந்தும் விசாரணை முடியாவிட்டால் வழக்கே முடிந்துவிடும். பெரியவர்கள் வழக்கில் இப்படி ஒரு விதி இருந்தால் எத்தனை கட்டு காகிதம் குறையும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

திருடனை நாங்களே பிடித்துவிட்டோம். கட்டி வைத்து நாலு தட்டு தட்டினால்?

நீங்கள்தான் அடுத்த எதிரி. பொருளைக் காப்பாற்ற, தப்பி ஓடாமல் பிடித்துப் பறிக்கத் தேவையான அளவு பலம் பிரயோகிக்கலாம். பொருள் கைக்கு வந்ததும் அந்த உரிமை முடிந்தது. பொதுமக்கள் ஒருவரைக் கைது செய்யும் உரிமைகூட, போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத குற்றம் கண்முன் நடந்தால் மட்டும்தான். ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்கவும் வேண்டும். 5,000க்குக் குறைந்த சாதாரணத் திருட்டு அந்த வகையிலேயே வராது.

கோவைக்குப் பக்கத்தில், கேரள எல்லையில் அட்டப்பாடி. 2018 பிப்ரவரியில் மது என்ற பழங்குடி இளைஞர் அரிசி திருடினார் என்று சொல்லிப் பிடித்துக் கட்டி அடித்தார்கள், அதைப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அவர் இறந்துவிட்டார். 2023 ஏப்ரலில் பதினான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, பதின்மூன்று பேருக்கு ஏழு வருடம் கடுங்காவல். ஒரு மூட்டை அரிசியின் விலையைப் போட்டுக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாடுகளில் விலை வரம்பு வைத்து என்ன ஆயிற்று?

சுருக்கமாக: இங்கிலாந்து 2014இல் 200 பவுண்டுக்கு உட்பட்ட கடைத் திருட்டைக் கீழ்க் கோர்ட்டோடு நிறுத்தியது. போலீஸ் வருவதே இல்லை என்று கடைக்காரர்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள். கலிஃபோர்னியா அதே 2014இல் 950 டாலருக்குட்பட்ட திருட்டைச் சிறு குற்றமாக்கியது. 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு மூலமே, திரும்பத் திரும்பத் திருடுபவர்களுக்கு அதை மறுபடி கடுமையாக்கியது. இரண்டு இடத்திலும் தகராறு ஒரே ஆள் பத்து முறை வருவதைப் பற்றித்தான். நம் சட்டம் 'முதல் முறை' என்று போட்டது அந்த வகையில் புத்திசாலித்தனம். இரண்டாம் முறை தண்டனை என்றால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம். ஆனால் வழக்கே பதிவாகாவிட்டால், பத்தாவது முறை வருபவனும் காகிதத்தில் முதல் முறைதான்.

வழக்கு வேண்டாம், ஆனால் எனக்கு ஒரு காகிதம் வேண்டும். எதற்கு எது போதும்?

செல்போன் என்றால் புகார் நகலை வைத்து காணாமல் போன போன்களை முடக்குவதற்கான மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர் தளத்தில், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குங்கள். முதலில் சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், போனைவிட அதில் இருப்பதுதான் பெரிது. வண்டிக் காப்பீட்டுக்கு சி.எஸ்.ஆர் போதாது, எஃப்.ஐ.ஆரும் பின்னால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றும் கேட்பார்கள்.

எஃப்.ஐ.ஆர் போட வேண்டிய புகாரை வாங்கவே மறுக்கிறார்கள். என்ன செய்வது?

அதே புகாரை எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர் போட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

பொருள் கிடைத்துவிட்டது என்று போன் வந்தது. எப்போது கைக்கு வரும்?

கோர்ட்டில் மனு போட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்காமலே வாங்கலாம். பொருளைப் படமெடுத்து விவரம் எழுதிக்கொண்டு சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள் என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு வந்த பொருளை விவரம் எழுதிப் படமோ வீடியோவோ எடுத்து, அதிலிருந்து முப்பது நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும் என்பது புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் மனுப் போடாமல் "அவங்களே கூப்பிடுவாங்க" என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் போய்ப் பாருங்கள். அங்கே கிடக்கும் சைக்கிள்களில் பாதிக்கு டயரே இருக்காது.